அயல்நாட்டுப் பயணத்தில் மழலையர் உணவு

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டி அம்பத்தூரில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா முடிந்த சில நாட்களில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கிவிடும். முன்பெல்லாம் விடுமுறை என்றால் வந்தவாசிப் பக்கமோ திண்டிவனம் பக்கமோ உள்ள சொந்த ஊருக்குப் போவோம். வழியில் பொன்னூர் மலைக்கும் மேல்சித்தாமூருக்கும் சென்று வணங்கி வருவோம். இப்பொழுது நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பணிபுரிகிறார்கள். நாம் அவர்களைக் காணப் போகிறோம். இளைய தலைமுறையினர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சுற்றுலாவும் செல்கிறார்கள். ஆகவே, குழந்தைகளோடு அயல்நாடு செல்பவர்கள் வெளியில் உண்ணும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பற்றிப் பேசுமாறு பொறுப்பாளர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

நான் மருத்துவன் அல்லன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையின் உணவகப் பிரிவில் 31 ஆண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று ஷிப்டுகளுக்கும் சமைத்த உணவு எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்குப் பரிமாறப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதி ஒப்பமிடுவது என் அன்றாடப் பணி. அப்படிப்பட்ட நானே ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லும் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் மகன், மருமகள், இரு பேரக்குழந்தைகளோடு நானும் என் மனைவியும் சிங்கப்பூர், மலேசியப் பயணம் மேற்கொண்டோம். பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு மூன்று. நாங்கள் தங்கிய விடுதியொன்றில் காலை உணவை நீண்ட மேசைகளில் பரப்பி வைத்திருந்தார்கள். அவரவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தட்டின் முன்னும் நின்று, பணியாளரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: “இதில் இறைச்சி, மீன், முட்டை ஏதேனும் உண்டா?” சூடான உணவுகள் இருந்த பக்கத்தில் ஊன் உணவுத் தட்டுகளும் அடுத்தடுத்து இருந்தன. எனவே அந்தப் பக்கமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். நறுக்கி அடுக்கிய தர்ப்பூசணி, பப்பாளி, முளைப்பயறு கலந்த காய்கறிச் சாலட், குளிர்ந்த பழச்சாறு ஆகியவற்றைக் குழந்தைகளுக்கு எடுத்துக் கொடுத்தேன். நெறி வழுவாமல் உண்ணச் செய்துவிட்டோம் என்று மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் இரவு பேத்திக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. விடியும்போது கண்கள் உள்வாங்கியிருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. முன்னிரவிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பதை மருமகள்தான் கவனித்துச் சொன்னாள். மருத்துவமனையில் இரண்டு இரவுகள் நரம்பு வழியாக நீர்மம் ஏற்றினார்கள். எந்த உணவால் நேர்ந்தது என்று மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி என்னைச் சுட்டது: “சமைக்காத உணவு, அல்லது நெடுநேரம் வெளியில் இருந்த உணவு ஏதாவது கொடுத்தீர்களா?” முப்பத்தோரு ஆண்டுகள் நான் தொழிலாளர்களுக்காகக் கேட்ட கேள்வி அது. என் பேத்திக்காக அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

திருக்குறளில் 26ஆம் அதிகாரம் புலான் மறுத்தல். 95ஆம் அதிகாரம் மருந்து. அளவறிந்தும், முன்பு உண்டது செரித்தபின்னும் உண்ண வேண்டும் என்று அது பேசுகிறது. என்ன உண்பது என்பதற்கு ஓர் அதிகாரம். எப்படி உண்பது என்பதற்கு ஓர் அதிகாரம். நான் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஊன் கலவாததா என்பது ஒன்று. எப்போது சமைத்தது, இப்போது சூடாக இருக்கிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது தேவையில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் குழந்தைகளுக்கு ஆபத்தானது.

சைவ உணவில் நோய் வராது என்ற எண்ணத்தை அசைத்த நிகழ்வு ஒன்று 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்தது. மே மாதத்தில் அந்நாட்டின் வட பகுதியில் ஏராளமானோர் குருதி கலந்த வயிற்றுப்போக்கால் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயின் மீது பழி விழுந்தது. ஆய்ந்து பார்த்தபோது காரணம் வேறு என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகளை முளைக்க வைத்துப் பச்சையாகச் சாலட்டில் சேர்த்திருந்தார்கள். ஈ-கோலி என்னும் நுண்ணுயிரின் கொடிய வகையொன்று அம்முளைகளோடு பரவியிருந்தது. ஜெர்மனியில் மட்டும் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வெந்தயத்தை மருந்தென்று எண்ணி வாழும் நமக்கு இது நம்ப முடியாத செய்தியாகத் தோன்றும். அதற்கு முன்பே, 1996இல், ஜப்பானின் சக்காய் நகரத்தில் பள்ளி மதிய உணவு உண்ட ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் இதே இனத்து நுண்ணுயிரால் நோயுற்றார்கள். பச்சையாகப் பரிமாறிய முள்ளங்கி முளை காரணமாக இருக்கக்கூடும் என்று அந்நாட்டு அரசு அப்போது அறிவித்தது.

முளைக்கு மட்டும் ஏன் இந்த ஆபத்து? விதையின் நுண்ணிய வெடிப்புகளில் கிருமி ஒட்டியிருந்தால் கழுவினாலும் போவதில்லை. முளைக்க வைப்பதற்கு வேண்டிய ஈரமும் வெப்பமும்தான் கிருமி பெருகுவதற்கும் வேண்டியவை. இரண்டு மூன்று நாட்களில் அது பல்லாயிரம் மடங்காகிவிடும். அதனால்தான் சிறு குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் முதியோரும் பச்சை முளைகளை உண்ணலாகாது என்று அமெரிக்க உணவுத் துறையே அறிவுறுத்துகிறது. அயல்நாட்டுச் சாண்ட்விச்சிலும் வியட்நாமிய நூடுல்ஸிலும் இம்முளைகளைத் தூவித் தருவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்கு வேகவைத்த முளைப்பயறுக்கு இந்த அச்சம் இல்லை.

இரண்டாவது நிகழ்வு நாம் அடிக்கடி செல்லும் சிங்கப்பூரில் நடந்தது. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் பகுதியின் தற்காலிகச் சந்தையில் ஒரு கடையில் ரோஜாக் என்னும் கலவை உணவை உண்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருவர் உயிரிழந்தார்கள். பச்சைக் கடலுணவிலிருந்த கிருமி, சமைத்து ஆயத்தமாக இருந்த உணவுப் பொருள்களில் கலந்துவிட்டது என்பதே ஆய்வில் தெரியவந்த காரணம். தூய்மைக்குப் பேர்பெற்ற நாட்டிலேயே இது நேர்ந்தது. ஒரே வெட்டுப்பலகை, ஒரே கத்தி, ஒரே கை என்றால் உணவு எதுவாக இருந்தாலும் கிருமி இடம் மாறிவிடும்.

நம் ஊரில் மட்டும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். 2021 டிசம்பரில் நம் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த தொழிற்சாலைப் பெண் பணியாளர்கள் 150க்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், தோழியர் சாலையில் அமர்ந்து போராடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆக, உள்ளூர், வெளியூர் என்ற பேதம் இதில் இல்லை. வேறுபாடு ஒன்றுதான். இங்கே எந்தக் கடை நல்ல கடை என்று நமக்குத் தெரியும். நோய் கண்டால் எந்த மருத்துவரிடம் ஓடுவது என்றும் தெரியும். அங்கே இரண்டும் தெரியாது.

குழந்தைகளைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் எதிர்ப்புத் திறன் இன்னும் முழுமை பெறவில்லை. பெரியவருக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போகும் கிருமி, சிறு குழந்தையைப் படுக்கையில் தள்ளிவிடும். 12 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால் அது உடல் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவ்வளவு இழப்பை அச்சிற்றுடல் தாங்குவது அரிது.

இனி, வழிமுறைகளுக்கு வருகிறேன். உலக நல வாழ்வு நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து விதிகளை வகுத்திருக்கிறது: தூய்மை பேணுதல், பச்சையானதையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், நன்கு வேகவைத்தல், உரிய வெப்பநிலையில் வைத்தல், நல்ல நீரையும் நல்ல பொருளையும் பயன்படுத்தல். இவ்வைந்தையும் படித்தபோது, நம் பாட்டிமார் அடுக்களையில் கண்ட ஒழுங்குகள் என் நினைவுக்கு வந்தன. நீரை வடிகட்டாமல் பருகார். வடிகட்டிய நீரும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் வரைக்கும்தான் என்பார்கள். சமைத்த பண்டத்துக்குக் காலவரையறை வைத்தார்கள். முளைக்கும் நிலையிலுள்ளவற்றை உயிர் மிகுதி கருதி விலக்கும் வழக்கமும் சமண நெறியில் உண்டு. முன்னோர் கிருமியியல் கற்றிருந்தார்கள் என்று பெருமை பேசுவது என் நோக்கமன்று. கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் தீங்கு நேரலாகாது என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்திலிருந்து ஓர் ஒழுங்கு பிறந்தது. அந்த ஒழுங்கு நம் குழந்தைகளையும் காத்தது. வெளிநாடு செல்லும்போது நாம் விலக்குகளை மட்டும் எடுத்துச் செல்கிறோம். ஒழுங்கை வீட்டிலேயே வைத்துவிடுகிறோம்.

முதலில் காலவரையறை. சமைத்த உணவு சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது இன்றைய விதி. நம் கணக்கில் ஐந்து நாழிகை. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில்தான் கிருமிகள் பெருகுகின்றன. உணவகத்தில் யாரும் வெப்பமானியோடு அமர்வதில்லை. ஆனால் தட்டிலிருந்து ஆவி எழுகிறதா என்று பார்க்கலாம். வெதுவெதுப்பாக வந்த உணவைத் திருப்பித் தந்து மீண்டும் சூடாக்கித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். மேசைகளில் பரப்பி வைத்த உணவைவிட, கேட்டபின் சமைத்துத் தரும் எளிய உணவு குழந்தைக்கு நல்லது. பரப்பி வைத்த இடத்தில்தான் உண்ண வேண்டுமென்றால், கதவு திறந்த முதல் அரை மணி நேரத்துக்குள் சென்று, சூடான கஞ்சி, ரொட்டி, தோலுரிக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றை எடுங்கள்.

சோற்றைப் பற்றித் தனியே ஒரு சொல். விமானப் பயணத்துக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகைக் கிருமியின் விதைகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாக இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே சோறு கட்டினால் நன்கு ஆறவிட்டு, புளியும் எண்ணெயும் கூடிய புளிச்சோறாகக் கட்டி, முதல் வேளையிலேயே உண்டு முடித்துவிடுங்கள். நீண்ட பயணத்துக்கு அவல், பொரி, சத்துமாவு, காய்ந்த சப்பாத்தி போன்ற நீரற்ற பண்டங்களே ஏற்றவை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கொண்டு செல்லும் உணவு அனைத்தையும் இறங்கும்போதே படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டம் விதிப்பார்கள்.

அடுத்தது நீர். சிங்கப்பூர், ஜப்பான், மேற்கு ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் குழாய் நீரைப் பொதுவாக அப்படியே பருகலாம். தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், எகிப்து போன்ற நாடுகளில் மூடி உடையாத பாட்டில் நீர் அல்லது கொதிக்கவைத்த நீரே குழந்தைக்கு உகந்தது. பாட்டில் நீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழச்சாற்றில் ஐஸ் கட்டி போட விடுகிறோம். பல் துலக்கும்போது குழாய் நீரைக் கொப்பளிக்க விடுகிறோம். குழந்தை கொப்பளிப்பதில் பாதியை விழுங்கிவிடும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பால்மாவு கிருமியற்ற பொருளன்று. கொதித்த நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைக் கரைத்து, பின்னர் ஆறவைத்துப் புகட்ட வேண்டும். ஒரு சிறிய மின்கெட்டிலை எடுத்துச் சென்றால் பாதிக் கவலை தீரும்.

இனி, முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் சேர்த்து விடை பெறும் வழியைச் சொல்கிறேன். நம் நாட்டில் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளி இருக்கும். அங்கே அது இல்லை. ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பொருள். ஜப்பானில் காய்கறிச் சாற்றிலும் மீன் சாறு அடிப்படையாக இருக்கும். தாய்லாந்தில் மீன் குழம்புநீரும், மலேசியாவில் பெலச்சான் என்னும் இறால் விழுதும் கீரைப் பொரியலிலும் சேரும். குழந்தைகள் கேட்கும் மென்மிட்டாய்களில் ஜெலட்டின் உண்டு. அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள்.

ஆயினும் உதவிக்கு வழிகளும் உண்டு. தாய்லாந்தில் சைவ உணவைக் குறிக்கும் ‘மங்சவிரத்’ என்ற சொல், மாம்ச விரதி என்ற வடசொல்லின் வடிவம். அதிலும் கடுமையானது ‘ஜே’ உணவு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து வரைந்த கடைகளில் ஊன், முட்டை, பால் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள சீனப் பௌத்த சைவக் கடைகளிலும் பெரும்பாலும் வெங்காயம், பூண்டு விலக்கு. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கிவரும் கோமள விலாஸ் போன்ற நம்மவர் உணவகங்களில் மொழித் தடையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிக் கேட்பவருக்கு உணவகங்களும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்திலும் இது தொடர்கிறது. முட்டை, மீன், இறால் நண்டு இனம், சிப்பி இனம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. ஆகவே ‘அலர்ஜி பட்டியல்’ கொடுங்கள் என்று கேட்டால் நமக்கு வேண்டிய செய்தியில் பாதி எழுத்திலேயே கிடைக்கும். இறைச்சியும் ஜெலட்டினும் ரென்னட்டும் அப்பட்டியலில் இல்லை. அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். வேர்க்கடலை, முந்திரி, பால் போன்றவை ஒவ்வாத குழந்தை இருந்தால், அச்செய்தியை அந்நாட்டு மொழியில் அட்டையில் எழுதி, தட்டு வருமுன் சமையற்காரர் கைக்கே சேர்த்துவிடுங்கள்.

நான் இப்பொழுது கேட்கும் கேள்வி இது: “காய்கறியை நறுக்கத் தனிப் பலகையும் பொரிக்கத் தனி எண்ணெயும் உண்டா?” இந்த ஒரு கேள்வி நம் நெறிக்கும் உதவுகிறது, கிருமியிலிருந்தும் காக்கிறது. “இல்லை” என்று நேர்மையாகச் சொல்பவரிடம் நன்றி கூறிவிட்டு எழுந்துவிடலாம்.

தேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மது, மாம்சம், தேன் மூன்றையும் விலக்குவது நம் அடிப்படை ஒழுக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது என்பது இன்றைய மருத்துவ விதியும் ஆகும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். அயல்நாட்டுக் குழந்தை உணவுகளிலும் பிஸ்கட்டுகளிலும் தேன் சேர்ந்திருக்கலாம். பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள்.

உணவு நல்லதாக இருந்தாலும் தொண்டையில் அடைத்தால் உயிருக்கு ஆபத்து. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சை, முழு வேர்க்கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் தர வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். இப்போது எங்கும் விற்கும் பபிள் டீயின் மரவள்ளி உருண்டைகளும் குழாய் வழியே நேரே தொண்டைக்குப் போய்விடும். ஓடும்போதும் காரில் உறங்கும்போதும் ஊட்ட வேண்டாம்.

கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கத்தை அயல்நாட்டில் எப்படிப் பேணுவது என்று சிலர் கேட்டார்கள். கோடையில் ஐரோப்பாவில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். பெரியவர்கள் தங்கள் விரதத்துக்கேற்ப மதிய உணவை முக்கிய உணவாக அமைத்துக்கொள்ளலாம். சமையலறை முழு வேகத்தில் இயங்கும் மதிய வேளையில் உணவும் புதிதாகக் கிடைக்கும். மழலையரை விரதத்தின் பெயரால் பசியோடு உறங்க வைக்க வேண்டாம். சிறு குழந்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இவ்வளவு கவனித்தும் நோய் வந்தால் என்ன செய்வது? 1971இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமுக்கு வந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலநபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி புகட்டச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே குவளையில் எடுத்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 என்றிருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்தபின், 2023இல் நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்துப் போற்றியது. அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்துக்குக் குறையாமல் உங்கள் பையில் இருக்கட்டும்.

பொட்டலத்தில் சொல்லிய அளவு நீரிலேயே கரைக்க வேண்டும்; குறைத்தாலும் கூட்டினாலும் பயன் கெடும். ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆனபின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் மட்டமாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குளிர்பானமும் இனிப்புச் சாறும் இதற்கு ஈடாகா. வயிற்றுப்போக்கை நிறுத்தும் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும், கையிலிருக்கும் நுண்ணுயிர்க்கொல்லியை மருத்துவர் சொல்லாமல் கொடுப்பதும் தீங்கு தரும்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண்கள் உள்வாங்கியுள்ளன, அழுதும் கண்ணீர் இல்லை, மலத்தில் குருதி, ஓயாத வாந்தி, எழுப்பியும் விழிக்காத சோர்வு: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன். ஆம்புலன்சுக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, தாய்லாந்தில் 1669, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911. செல்லும் நாட்டின் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுங்கள். அந்த இரண்டு இரவுகளின் மருத்துவச் செலவு எங்கள் பயணச் செலவில் பாதிக்கு மேல் வந்தது.

அன்பர்களே, இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுப் பயணமே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். உலகைப் பார்ப்பது குழந்தைக்குப் பெரும் கல்வி. சமையலறை வசதியுள்ள தங்குமிடம் கிடைத்தால் ஒரு வேளையேனும் நாமே பொங்கிக்கொள்ளலாம். மற்ற வேளைகளில் இரண்டு கேள்விகளையும் தவறாமல் கேட்டு உண்ணலாம்.

என் பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் ஆவடியில் ஒரு திருமண விருந்தில், இலைக்கு அருகே வந்த பரிமாறுபவரிடம், “அண்ணா, இது எப்போ செஞ்சது?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் உள்ளே போய், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்திலிருந்து எடுத்து வந்து பரிமாறினார். குழந்தை கேட்டது தவறென்று அவருக்குத் தோன்றவில்லை. நாமும் கேட்போம், நம் குழந்தைகளையும் கேட்கப் பழக்குவோம்.